பாட்டும் எமது சாட்சியமே



திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி உலகம் பேசாத நாளில்லை. அதன் ஆழத்தை அளந்தவர் உண்டு. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளை எண்ணியவர் உண்டு. அவற்றை எவருக்குக் குத்தகைக்குக் கொடுப்பதென்று பேரம் பேசியவரும் உண்டு. இத்துறைமுகத்தைச் சுற்றி வாழும் மக்களின் குரலை எடுத்துவைக்க முன்வந்தவர் எத்தனை பேர்? நாம் இன்று பேச வந்தது அக்குரலைப் பற்றியே.

கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டை இங்குள்ள முதியோர் அறிவர். ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். கயிற்றைப் பற்றி நிற்போர் அனைவரும் ஒரே குரலில் ஏற்றுப் பாடுவர். அந்தத் தாளத்திற்கே கால்கள் மணலில் பின்வாங்கும், வலை கரையேறும். பாட்டு நின்றால் இழுவை குலையும். பின்னரோ பல கரைகளில் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் கயிற்றைச் சுற்றி இழுக்கத் தொடங்கியது. இயந்திரத்திற்கு அம்பா எதற்கு? தம்பலகாமத்து வயல்களிலும் இதே கதைதான். எருமைகளைப் பிணைத்துச் சூடு மிதித்த காலத்துக் களவெட்டிப் பாட்டு, அறுவடை இயந்திரம் வந்த அன்றே வேலையற்றுப் போயிற்று. வேலையோடு பிறந்த பாட்டு வேலையோடு போகிறது. இயந்திரத்தை நாம் பழிக்கவில்லை. முதுகு முறிய இழுத்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் பாட்டைக் காப்பதற்கு வேறு வழி காணவேண்டிய பொறுப்பு எமக்கு உண்டு.

‘சட்டத்தரணிக்கும் பாட்டுக்கும் என்ன தொடர்பு?’ என்று நண்பர் ஒருவர் எம்மைக் கேட்டார். தொடர்பு உண்டு. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டம் செவிவழிச் செய்தியைப் பொதுவாக ஏற்பதில்லை. கண்டவன் வந்து சொல்லவேண்டும் என்கிறது. ஆயினும் அதன் 32ஆம் பிரிவு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. பொது உரிமை பற்றியோ, ஊர் வழக்கம் பற்றியோ, அதனை அறிந்திருக்கக்கூடிய ஒருவர் கூறிய கருத்து, அவர் இறந்த பின்னரும் சாட்சியமாகலாம். ஆனால் ஒரு நிபந்தனை: அந்த உரிமை பற்றிய பிணக்கு எழுவதற்கு முன்னரே அவர் அதனைக் கூறியிருத்தல் வேண்டும்.

இந்த நிபந்தனையைச் சிறிது எண்ணிப் பாருங்கள். எந்தக் கரைவலைப் பாடு எவருடையது, எந்த வாய்க்கால் நீர் எந்த வயலுக்கு முதலிற் பாயும், எந்தக் கோயிலில் எந்தக் குடிக்கு எந்தத் தொண்டு என்பனவெல்லாம் முதியோர் நினைவிலும், கதையிலும், பாட்டில் வரும் இடப்பெயர்களிலுமே பெரிதும் வாழ்கின்றன. வழக்கு வந்த பின் கிழவரைத் தேடி ஓடுவதாற் பயன் குறைவு. 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் ஒலிப்பதிவையும் நீதிமன்றம் ஏற்க வழி செய்துள்ளது. ஆனால் பதிவு திருத்தப்படவில்லை என்பதையோ, பாதுகாப்பான பொறுப்பில் வைக்கப்பட்டிருந்தது என்பதையோ காட்டவேண்டும். ஆகவே எப்படிப் பதிகிறோம் என்பது போலவே எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியமாகும்.

இவ்விடயத்தில் நாமே செய்த பிழையை மறைக்க விரும்பவில்லை. 2003இல், சட்டம் பயின்ற நாட்களில், நாமும் இரு நண்பரும் மூதூர்ப் பக்கத்து முதியவர் ஒருவரிடம் இரண்டு மாலைப் பொழுதுகள் இருந்து, நான்கு கசற்றுகளில் அவர் பாட்டையும் பேச்சையும் பதிந்தோம். பெரிய காரியம் செய்துவிட்டோம் என்ற பெருமையோடு அவற்றை ஒரு தகரப் பெட்டியில் வைத்தோம். 2006இல் போர் மூண்டது; மூதூர் கிழக்கே இடம்பெயர்ந்தது; சம்பூர் மக்கள் தம் மண்ணை மீண்டும் மிதிக்க 2015 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. முதியவர் முகாமிலேயே காலமானார். பின்னர் நாம் பெட்டியைத் திறந்தபோது, உப்புக்காற்றும் ஈரமும் நாடாவிற் பூஞ்சணமாய்ப் படிந்திருந்தன. மூன்று கசற்றுகள் ஓடவேயில்லை. நான்காவதில் அவர் இருமிய ஒலி தெளிவாகக் கேட்கிறது, பாட்டுக் கேட்கவில்லை. பிரதி ஒன்று எடுத்து வேறோர் ஊரில் வைத்திருந்தால் இந்த இழப்பு நேர்ந்திராது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கேட்டு வளர்ந்த நாமே ஒரே பிரதியை ஒரே பெட்டியில் வைத்தோம் என்றால், அறியாமை என்று கூறித் தப்பமுடியுமா?

இன்று வசதி கூடியிருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஏடுகளோடு நில்லாமல் வாய்மொழி வரலாறுகளையும் சேர்த்து இணையத்தில் வைக்கிறது. எமது பதிவுகளுக்கும் அங்கே இடம் கேட்கலாம். கைத்தொலைபேசியே பதிவுக்கருவியாகிவிட்டது. ஆனால் அதிற் பதிந்ததை வாட்சப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். அனுப்பும்போது ஒலி சுருக்கப்படலாம். சுருக்காத கோப்பு, தொடக்கத்தில் திகதி, ஊர், பாடுபவர் பெயர், வெவ்வேறு இடங்களில் மூன்று பிரதிகள்: இவ்வளவே ஆரம்பத்திற்குப் போதும்.

உரிமை பற்றியும் ஒரு சொல். 1907, 1908ஆம் ஆண்டுகளில் செலிக்மன் தம்பதியர் இத்தீவின் வேடர் பாடல்களை மெழுகு உருளைகளிற் பதிந்தனர். அவர்கள் பதியாதிருந்தால் அக்குரல்கள் காற்றோடு போயிருக்கும். அதற்கு நன்றி கூறுவோம். ஆனால் அவை இருப்பது இலண்டனில். வெருகற் பக்கத்தில் தமிழ் பேசி வாழும் வேட மக்களின் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேர் அவற்றைக் கேட்டிருப்பர்? நாளை பல்கலைக்கழகமோ வெளிநாட்டு ஆய்வாளரோ வந்து பதிந்தாலும், ஒரு பிரதி இம்மாவட்டத்தில் இருக்கவேண்டும் என்று நாம் கேட்போம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் நாட்டார் கலை வெளிப்பாடுகளை வெளியிடுவோர், அவை பெறப்பட்ட சமூகத்தையோ இடத்தையோ குறிப்பிடவேண்டும் என்கிறது. அதற்கு மேலாக, பாடும் தாயிடம் அவருக்கு விளங்கும் தமிழில் அனுமதி கேளுங்கள். ‘இந்தத் தாலாட்டு வீட்டுக்குள் இருக்கட்டும்’ என்று அவர் சொன்னால், வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

கிண்ணியா, மூதூர் முஸ்லிம் சகோதரரின் கவிகளையும் இப்பணியில் விட்டுவிடலாகாது. ஒரே கடல், ஒரே மொழி. துறைமுகத்தில் வேலை செய்தவர்களின் நினைவுகளும் அப்படியே. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தபோது பத்து வயதுச் சிறுவனாய் ஓடி ஒளிந்தவர், இன்று தொண்ணூறைத் தாண்டியிருப்பார். இத்தகையோர் எத்தனை பேர் எஞ்சியுள்ளனர்? அடுத்த ஆண்டு வரை அவர்கள் எமக்காகக் காத்திருப்பார்களா?

வாசலில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டிலோ அயலிலோ பாடத் தெரிந்த, பழங்கதை சொல்லத் தெரிந்த முதியவரின் பெயரையும் ஊரையும் அவர் சம்மதத்தோடு அதில் எழுதுங்கள். வரும் ஞாயிறு காலை, மிக மூத்தவர் எவரோ, அவர் வீட்டிலிருந்தே தொடங்குகிறோம்.