பேரைக் காப்பாத்த கோர்ட் இருக்கு, பயிரைக் காப்பாத்த யார் இருக்கா?

(போலி விதை, பொய் விளம்பரத்துக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



முதல்ல ஒரு வழக்கைப் பத்திச் சொல்றோம். விதை வழக்கு இல்லை, மருந்து வழக்கு. ஆனா அதுக்குள்ள நம்ம கதையும் இருக்கு.

'அமிர்ததாரா' என்று ஒரு மருந்து. தலைவலி, வயிற்றுப்போக்கு போன்றவற்றுக்குச் சனங்கள் வாங்குவது. அதே மாதிரி மருந்துக்கு 'லட்சுமண்தாரா' என்ற பேரைப் பதிவு செய்ய இன்னொருத்தர் போனார். பேர்த் தகராறு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1962இல் தீர்ப்பு வந்தது. படிச்சவர் பேரைப் பிரிச்சுப் பார்த்தால் இரண்டும் வேற வேறதான். ஆனால் இதை வாங்குறவங்க யாரு? கிராமத்துக்காரர், நகரத்துக்காரர், எழுத்து தெரிஞ்சவர், தெரியாதவர் எல்லாரும்தான். சாதாரண அறிவும் அரைகுறை ஞாபகமும் உள்ள ஒருத்தர் கடையில் நின்னு கேட்கும்போது குழம்புவாரா, மாட்டாரா என்பதுதான் அளவுகோல் என்றது நீதிமன்றம். குழம்புவார் என்றே முடிவும் சொன்னது.

2001இல் இன்னொரு வழக்கு. மூளை மலேரியாவுக்கு இரண்டு கம்பெனி மருந்துகள். ஒண்ணு 'ஃபால்சிகோ', இன்னொண்ணு 'ஃபால்சிடாப்'. மருந்தில் பேர் மாறினால் உயிர் போகும், ஆகவே இதில் இன்னும் கடுமையாகப் பார்க்கணும் என்று உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. நம் நாட்டில் எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியாது என்பதையும் கணக்கில் எடுக்கச் சொன்னது.

நல்ல தீர்ப்புகள்தான், குறை சொல்லலை. ஆனால் யோசிச்சுப் பாருங்க. கம்பெனியும் கம்பெனியும் சண்டை போடும்போது, "கிராமத்து ஆள் ஏமாந்துபோவான் எசமான்" என்று நம்மைக் காட்டித் தன் பேரைக் காப்பாத்திக்குது. நாம நிசமாவே ஏமாந்து, முளைக்காத வயலோட நிக்கும்போது என்ன சொல்லுது? "லேபிளை ஏன் படிக்கலை? தண்ணி சரியாப் பாய்ச்சினியா? மண்ணு சரியில்லை" என்குது! கோர்ட்டில் அப்பாவியா இருந்தவன் வயலில் மட்டும் எப்படிக் குற்றவாளி ஆனான்?

பையில் கதிர் படம் பெரிசா இருக்கு. முளைப்புத்திறனும் காலாவதி தேதியும் எறும்பு ஊர்ற எழுத்தில் இருக்கு. அதுவும் பல பைகளில் இங்கிலீஷில். பக்கத்துப் பையில் அதே நிறம், அதே படம், பேரில் ஒரே ஒரு எழுத்து மாற்றம். இது ஏமாற்று இல்லையா?

நமக்கும் ஒரு தீர்ப்பு இருக்கு, மறந்துடாதீங்க. ஆந்திர விவசாயிகள் தேசிய விதைக் கழகத்துக்கு எதிராக நுகர்வோர் நீதிமன்றம் போனாங்க. "விவசாயி விதை வாங்குறது வியாபாரத்துக்கு, அவர் நுகர்வோரே இல்லை, விதைச் சட்டத்தில்தான் போகணும்" என்று கழகம் வாதாடியது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கலை. விவசாயி நுகர்வோர்தான், நஷ்டஈடு கேட்கலாம் என்றது. "விதையைச் சோதனைக்கு ஏன் அனுப்பலை" என்ற வாதமும் எடுபடலை. காசு கொடுத்து வாங்கின விதையை விதைப்பானா, சோதனைக்கு எடுத்து வச்சிருப்பானா?

ஆனால் உரிமை தானா நடந்து வீட்டுக்கு வராது. அந்த அமிர்ததாரா வழக்கிலேயே ஒரு பாடம் இருக்கு. வழக்கில் சொன்னது சரி என்றாலும், தெரிஞ்சும் ரொம்ப வருஷம் சும்மா இருந்ததால், லட்சுமண்தாராவை உத்தரப் பிரதேசத்துக்குள் விற்கலாம் என்று கோர்ட் விட்டுவிட்டது. பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி என்றால், நாம சும்மா இருந்தால் என்ன ஆகும்?

ஆகவே செய்ய வேண்டியது இது. பில் இல்லாம விதை, மருந்து வாங்காதீங்க. பில்லில் லாட் நம்பரை எழுதச் சொல்லுங்க. பையையும் லேபிளையும் அறுவடை வரைக்கும் பத்திரமா வையுங்க. முளைப்பு சரியில்லைன்னா உடனே வேளாண்மை அலுவலருக்கு எழுதிக் கொடுத்து, வயலைப் பார்க்க வச்சு, அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்க. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள்ள வழக்குப் போடணும். வாங்கின பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது. பொய் விளம்பரம் செய்தவருக்கு 10 லட்சம் வரை அபராதம் போட 2019ஆம் வருஷச் சட்டத்தில் இடம் இருக்கு.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது மூன்றே மூன்று:

விதைப் பையிலும் பூச்சிமருந்து டப்பாவிலும் முக்கிய விவரம் எல்லாம் தமிழில், பெரிய எழுத்தில் வேணும்.

புகார் கொடுத்த ஒரு வாரத்தில் அதிகாரி வயலில் இறங்கணும்.

அறிக்கையின் நகல் விவசாயி கைக்கு வரணும்.

கம்பெனியின் பேருக்குக் கோர்ட்டில் மதிப்பு இருக்குன்னா, நம்ம வேர்வைக்கும் மதிப்பு இருக்கணும். ஒத்தை ஆளாப் போனால் கடைக்காரர் கதவைச் சாத்துவார். சங்கமாப் போனால் நாற்காலி போடுவார். ஒன்று சேருவோம், போராடுவோம், வெற்றி பெறுவோம்!