இரவு வேலையும் மூளையின் கடிகாரமும்
செலாயாங் வட்டார மக்களுக்கான சுகாதார உரை



ஊர் உறங்கும் நேரத்திலும் செலாயாங்கில் பலர் விழித்திருக்கிறார்கள். பாசார் போரோங்கில் நள்ளிரவிலும் லோரிகளிலிருந்து காய்கறி மூட்டைகள் இறங்கும். மருத்துவமனையில் தாதியர் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டிருப்பார்கள். தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் நடக்கும். காவலாளிகள் வாசலில் அமர்ந்திருப்பார்கள். உங்களில் பலர் இந்த வேலைகளைச் செய்பவர்கள். மற்றவர்களின் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார்.

உங்களிடம் இன்று முக்கியமாகச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். தூக்கம் முற்றிவிட்டால் மூளை உங்கள் அனுமதியைக் கேட்காது. அந்த நேரத்தில் மன உறுதி கைகொடுக்காது. முன்கூட்டியே திட்டமிட்டுத் தூங்குவதுதான் பாதுகாப்பு.

தூக்கம் எப்படி வருகிறது?

நம் மூளையில் இரண்டு ஏற்பாடுகள் சேர்ந்து தூக்கத்தைக் கொண்டுவருகின்றன.

முதலாவது, மூளையின் கடிகாரம். இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் அடிப்பகுதியில், ஏறக்குறைய 20,000 நரம்பு உயிரணுக்களைக் கொண்ட ஒரு சிறு தொகுதி இருக்கிறது. இதுதான் உடலின் தலைமைக் கடிகாரம். கண்ணில் படும் வெளிச்சத்தைக் கொண்டு இது பகலையும் இரவையும் அறிகிறது. இருட்டியதும் மெலடோனின் என்ற சுரப்பு நீர் சுரக்க வழிவிடுகிறது. வெளிச்சம் பட்டதும் அதை நிறுத்துகிறது. இத்தகைய உயிர்க் கடிகாரம் உயிரணுவுக்குள் எப்படி இயங்குகிறது என்பதைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க அறிவியலாளர்களுக்கு 2017ஆம் ஆண்டு நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இரண்டாவது, தூக்கத்தின் பாரம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேரக் கண் சொக்கும். தூங்கினால்தான் குறையும். காப்பியிலும் தேத்தண்ணீரிலும் உள்ள கஃபீன், அடினோசின் வந்து சேரவேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. அதனால் களைப்பு தெரியாமல் போகிறது. ஆனால் பாரம் அப்படியே இருக்கிறது. குடித்த கஃபீனில் பாதி கழியவே சுமார் 5 மணி நேரம் ஆகும். விடியற்காலை 4 மணிக்குக் குடிக்கும் தே தாரேக், காலை 9 மணிக்கு நீங்கள் படுக்கும்போதும் பாதி வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

இரவு வேலை செய்பவருக்கு இந்த இரண்டும் ஒத்துப்போவதில்லை. பின்னிரவு 2 மணி முதல் 6 மணி வரை கடிகாரம் “தூங்கு” என்கிறது. அப்போது வேலை இருக்கிறது. காலையில் பாரம் மிகுந்து படுக்கிறார். அப்போது கடிகாரம் “எழுந்திரு” என்கிறது. அதனால்தான் பகல் தூக்கம் இரவுத் தூக்கத்தைவிடக் குறுகியதாகவும் எளிதில் கலைவதாகவும் இருக்கிறது. பகலில் தூங்க முடியவில்லை என்று யாராவது சொன்னால், அது சோம்பலும் சாக்குப்போக்கும் இல்லை என்பதை வீட்டில் உள்ளவர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

மிக ஆபத்தான நேரம்: வீடு திரும்பும் வழி

தூக்கம் போதாத மூளை, சில வினாடிகளுக்குத் தானாகவே அணைந்துவிடும். கண் திறந்திருக்கும்போதே இப்படி நடக்கலாம். நடந்தது உங்களுக்கே தெரியாமலும் போகலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் 4 வினாடி இப்படி அயர்ந்தால், ஏறக்குறைய 66 மீட்டர் தூரம் யாரும் ஓட்டாமலே வண்டி ஓடுகிறது. முன்னால் ஒரு லோரி நின்றால் என்ன ஆகும்?

17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. நம் நாட்டில் வாகனமோட்டிகளுக்கு 2020இல் திருத்தப்பட்ட சட்டத்தின் வரம்பும் அதே 50 மில்லிகிராம்தான். பகல் முழுதும் வீட்டு வேலை பார்த்துவிட்டு, தூங்காமலே இரவு ஷிப்டுக்குப் போய், காலையில் வண்டி ஓட்டுபவர் 17 மணி நேரத்தை எப்போதோ தாண்டியிருப்பார்.

இது இரவு வேலை செய்பவர்களுக்கு மட்டும் உரியதன்று. தைப்பூசத்தில் இரவெல்லாம் பத்துமலைக்கு நடந்து, காலையில் குடும்பத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்படுபவருக்கும் இதே ஆபத்து உண்டு. ஜன்னலைத் திறப்பதாலும், பாட்டைச் சத்தமாக வைப்பதாலும், முகம் கழுவுவதாலும் தூக்கத்தின் பாரம் இறங்காது.

உடலுக்குள் நடப்பவை

ஆழ்ந்த உறக்கத்தில் உடலை அமைதிப்படுத்தும் நரம்புகள் மேலோங்குகின்றன. இதயத் துடிப்பு குறைகிறது. இரத்த அழுத்தம் தாழ்கிறது. தூக்கம் குறைந்தால் இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் இந்த ஓய்வு கிடைப்பதில்லை.

சர்க்கரையும் பாதிக்கப்படுகிறது. 1999இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆரோக்கியமான இளைஞர்கள் 11 பேரை 6 இரவுகள் 4 மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டனர். அவர்களின் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் தெளிவாகக் குறைந்தது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே இது இன்னும் அதிகமாக இருந்தது. உணவைக் கவனிப்பதைப் போலவே தூக்கத்தையும் கவனிப்பது நமக்கு மிகவும் தேவை.

குறட்டையைச் சிரித்து ஒதுக்காதீர்கள்

பலத்த குறட்டை, இடையில் மூச்சு நின்று திணறல், காலையில் தலைவலி, பகலில் அடங்காத தூக்கம் ஆகியவை தூக்கத்தில் மூச்சுத்தடை ஏற்படுவதன் அறிகுறிகளாக இருக்கலாம். தொண்டை அடைபடும்போதெல்லாம் மூளை பதறி உடலை எழுப்புகிறது. இப்படி இரவில் பலமுறை நடந்தால், 8 மணி நேரம் படுத்திருந்தும் தூங்கிய பலன் இருக்காது. இரத்த அழுத்தமும் ஏறும். தூங்குபவருக்கு இது தெரியாது. பக்கத்தில் படுப்பவர்தான் கவனித்துச் சொல்ல வேண்டும். இதற்குச் சிகிச்சை உண்டு. அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் சொல்லுங்கள். குறிப்பாக லோரி, பஸ், வேன் ஓட்டுநர்கள் தாமதிக்க வேண்டாம்.

இன்றிலிருந்து செய்யக்கூடியவை

• முதல் இரவு ஷிப்டுக்குப் போகும் முன், மாலையில் ஒன்றரை மணி நேரமாவது தூங்குங்கள்.

• வேலை முடிந்ததும் கண் சொக்கினால், பாதுகாப்பான இடத்தில் 20 நிமிடம் தூங்கி, தெளிந்த பிறகே வண்டியை எடுங்கள். முடிந்தால் தோழருடன் சேர்ந்தோ பஸ்ஸிலோ வீடு திரும்புங்கள்.

• ஷிப்டின் பிற்பாதியில் காப்பி, தேத்தண்ணீர், சக்தி பானம் ஆகியவற்றைத் தவிர்த்துத் தண்ணீர் குடியுங்கள்.

• படுக்கும் அறையைத் தடித்த திரையால் இருட்டாக்குங்கள். கைப்பேசியை ஒலியடக்கி, கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

• ஒரே மூச்சாக 7 மணி நேரம் தூங்க முடியாவிட்டால், காலையில் ஒரு பகுதி, வேலைக்கு முன் ஒரு பகுதி என்று பிரித்துத் தூங்குங்கள்.

• தூங்குவதற்காக மது அருந்தாதீர்கள். அது தூக்கத்தைத் துண்டு துண்டாக்கும். குறட்டையையும் மூச்சுத்தடையையும் கூட்டும்.

• தூக்க மாத்திரையை நீங்களாகவே வாங்கிச் சாப்பிடாதீர்கள். நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் இரவு வேலைக்கு மாறினால், நேரத்தைத் தாங்களாக மாற்றாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

• தூக்கமின்மை வாரத்தில் 3 நாட்களுக்கு மேல் வந்து, சில வாரங்கள் நீடித்தாலோ, மனச்சோர்வும் சேர்ந்தாலோ, கிளினிக்குக்கு வாருங்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

இரவு முழுதும் உழைத்துவிட்டு வந்த அப்பா பகல் 11 மணிக்குத் தூங்குவது, மற்றவர்கள் இரவு 2 மணிக்குத் தூங்குவதற்குச் சமம். இரவு 2 மணிக்கு யாரும் மிக்சியை ஓட்டுவதில்லை. மின்சாரக் கட்டணம் எங்கே என்று கேட்டு எழுப்புவதும் இல்லை. அந்த மரியாதையைப் பகலில் தூங்குபவருக்கும் கொடுங்கள். கதவில் ஒரு சீட்டு ஒட்டி, அவர் எழும் நேரத்தை எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கும் காரணத்தைச் சொல்லுங்கள். இரவு வேலை செய்யும் தாய்மார்களுக்கு இது இன்னும் அவசியம். வீடு வந்ததும் சமையலறை அவர்களை அழைத்துவிடுகிறது. காலைப் பசியாறலை வேறொருவர் கவனித்துக்கொண்டால், அவருக்குக் கூடுதலாக ஒரு மணி நேரத் தூக்கம் கிடைக்கும்.

குடும்பத்துக்காகத்தான் இரவில் கண் விழிக்கிறீர்கள். அந்தக் குடும்பத்திடம் பத்திரமாக வந்து சேர, வண்டியை எடுக்கும் முன் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: “நான் கடைசியாக எப்போது தூங்கினேன்?”