சேமிப்பகத்துக்கும் ஒரு நிறுவைக் கணக்கு

ஜொகூரில், கூலாய், செடெனாக் வட்டாரத்தில் எழுந்திருக்கும் தரவு மையங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அத்தகைய வேலைக்குப் போகும் பிள்ளைகள் நம் தோட்டத்து வீடுகளிலும் இருக்கிறார்கள். "அங்கே என்னய்யா வேலை?" என்று தாயார் கேட்டால், "மானிட்டரிங்மா" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விடுகிறான் பையன். இரவு வேலை அல்லவா! அந்த ஒரு சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதை இன்று பார்ப்போம்.

பல கணினிகளில் உள்ள வட்டுகளையெல்லாம் மென்பொருளால் இணைத்து, ஒரே பெரிய களஞ்சியம்போல் காட்டுவது மெய்நிகர் சேமிப்பகம். அதற்கான மென்பொருள்களில் ஒன்று செஃப். அமெரிக்காவில், சாந்தா குரூஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேஜ் வைல் என்பவர் செய்த முனைவர் ஆய்விலிருந்து வளர்ந்தது. யாரும் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தலாம். வழக்கமாக அது ஒவ்வொன்றையும் மூன்று படியாக எழுதி வைக்கும். மூன்றும் எழுதி முடிந்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. ஆகவே, களைத்துப்போன வட்டு ஒன்று இருந்தாலும் அதன் கூட்டாளிகள் காத்திருக்க வேண்டியதுதான்.

ஒரு வேண்டுகோள் 30 வினாடி சிக்கிக் கிடந்த பிறகே செஃப் தானாக முறையிடும். அதற்குள் முகப்பில் நிற்பவர்கள் "கம்ப்யூட்டர் ஸ்லோ" என்று சத்தம் போட்டிருப்பார்கள். "ராத்திரி நீ என்ன செய்தாய்?" என்ற கேள்வி வேலையிலிருந்த பையனிடம்தான் வரும். கையில் கணக்கில்லாவிட்டால் அவன் என்ன பதில் சொல்வான்?

பால் நிறுத்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு எத்தனை வாளி நிறுக்கப்பட்டது என்பது ஒரு கணக்கு. மொத்தம் எத்தனை கிலோ என்பது இன்னொன்று. வரிசையில் ஒருவர் எவ்வளவு நேரம் நின்றார் என்பது மூன்றாவது. கிராணியின் புத்தகத்தில் முதல் இரண்டும் இருக்கும். வாளியில் பால் உறைவது மூன்றாவதால். சேமிப்பகத்திலும் அந்தக் காத்திருப்பு நேரமே உயிர்நாடி.

அதிலும் சராசரி நம்மை ஏமாற்றும். நூறு வேண்டுகோள்களில் 99 பேர் தலா 2 மில்லிவினாடியில் முடித்துக்கொண்டு போக, ஒன்று மட்டும் 802 மில்லிவினாடி நின்றதாக வையுங்கள். மொத்தம் 1000, சராசரி 10. தாளில் பார்த்தால் அழகாக இருக்கும். ஒரு பக்கம் திறக்க நூறு வேண்டுகோள் போகிறது என்றால், திறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அந்த 802 கிடைக்கக்கூடும்! ஆதலால் வட்டு வட்டாகப் பார்க்க வேண்டும். மிக அதிகம் காத்திருந்தவற்றைத் தனியே பிரித்தும் பார்க்க வேண்டும்.

கருவி அமைப்பது பெரிய வித்தையன்று. செஃப்பில் உள்ள புரோமிதியஸ் தொகுதியை இயக்கினால், 9283 என்ற வாயிலில் கணக்குகளை வைக்கும். வட்டுவாரியான நுட்பக் கணக்குகளைப் புதிய பதிப்புகளில் வேறொரு சிறு நிரல் தருகிறது. 2012-இல் தொடங்கப்பட்ட புரோமிதியஸ், 15 வினாடிக்கு ஒருமுறை என்பதுபோல் நாம் குறிக்கும் இடைவெளியில் சுற்றிவந்து அவற்றை நேரத்தோடு எழுதிக்கொள்ளும். கிராஃபானா கோடு வரைந்து காட்டும்.

தவறு நேர்வது வேறிடங்களில். புரோமிதியஸை அந்தச் சேமிப்பகத்தின் மேலேயே வைத்துவிடுகிறார்கள். சேமிப்பகம் திணறினால் கணக்கும் சேர்ந்து திணறும்; எந்த இரவைப் பற்றிக் கேள்வி வருகிறதோ அந்த இரவின் பக்கமே காலியாக இருக்கும். தனிக் கணினியில், தனி வட்டில் வைக்க வேண்டும். அடுத்தது, நாம் மாற்றாவிட்டால் புரோமிதியஸ் 15 நாள் கணக்கைத்தான் வைத்திருக்கும். மாதக் கடைசி நெரிசலைப் போன மாதத்தோடு ஒப்பிட அது எப்படிப் போதும்? மூன்று மாதமாவது வைக்கச் சொல்லலாம். கடிகாரங்களும் ஒத்திருக்க வேண்டும். காவல் கணினிகளுக்கிடையே 0.05 வினாடி விலகினாலே செஃப் எச்சரிக்கிறது.

இவற்றையெல்லாம் முறையீடு வருவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். நல்ல நாளில் காத்திருப்பு எவ்வளவு என்று தெரியாதவனுக்குக் கெட்ட நாளை அடையாளம் காட்ட முடியாது. நம் தாய்மார் சிலர் தங்கள் நிறுவையைப் பள்ளி நோட்டில் தினமும் குறித்து வைத்திருந்தார்களே, செக்ரோலில் தகராறு வந்தபோது அந்த நோட்டுதானே பேசியது?

பழைய கணினிகள் மூன்று கிடைத்தால் பிள்ளைகள் வீட்டிலேயே பழகலாம். அமைத்து முடித்ததும் ஒரு வட்டை வேண்டுமென்றே கழற்றி, எச்சரிக்கை எத்தனை நிமிடத்தில் கைபேசிக்கு வருகிறது என்று பார்க்கட்டும். வராவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து.