பிழை பிள்ளையிடமா, திரையிடமா?



2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்த அம்மாதங்களில், பாடம் கைத்தொலைபேசி வழியாக வீட்டுக்கு வந்தது. அப்போது என் மாணவி ஒருத்தியின் கணக்குப் பயிற்சி மூன்று நாளாக வந்து சேரவில்லை. "எந்நேரமும் போனும் கையுமாத்தான் இருக்கா, டீச்சர். படிக்கத்தான் மாட்டேங்கிறா" என்று தாயார் வருந்தினார். நானும் "அக்கறை இல்லை" என்று குறித்துவைத்தேன்.

ஆணை தளர்ந்தபின் அவர்கள் லயத்து வாசலில் அமர்ந்து, "பயிற்சியைச் செய்து அனுப்பு, பார்க்கலாம்" என்றேன். கணக்குகளை அவள் சரியாகவே போட்டாள். அனுப்பும் பொத்தான்தான் கண்ணில் படவில்லை. பெரிய திரைக்கென அமைத்த பக்கம் அது. சிறிய கைத்தொலைபேசியில் அந்தப் பொத்தான் அடியில் மறைந்து, மங்கிய எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது. மூன்று நாளும் அவள் படித்துத்தான் இருக்கிறாள். நான் எழுதிய குறிப்பை நானே அடித்தேன்.

செம்பனை மரம் உயர்ந்து, அரிவாள் கம்பு குலைக்கு எட்டாவிட்டால், வெட்டுபவரைச் சோம்பேறி என்போமா? கம்பை அல்லவா மாற்றுவோம்! கற்றல் திரையும் ஒரு கருவிதான். அது கைக்கு உதவுகிறதா என்று நீங்களே சோதிக்கலாம்.

முதலில், பிள்ளைக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள்: "இன்றையப் பாடத்தைத் திற" என்பது போல. அடுத்து, பக்கத்தில் அமைதியாக அமருங்கள். விரல் நீட்டிக் காட்டாதீர்கள். எங்கே தயங்கியது, எதைத் தவறாக அழுத்தியது, தவறினால் திரும்பி வர முடிந்ததா என்று தாளில் குறியுங்கள். முடிவில், "பிறர் உதவி இல்லாமல் செய்ய முடிந்ததா? மறுபடியும் இதில் படிக்க விருப்பமா?" என்று கேளுங்கள். 1986ஆம் ஆண்டு ஜான் புரூக் என்பவர் வகுத்த பத்துக் கூற்று மதிப்பீட்டிலும் இத்தகைய கேள்விகளே உள்ளன.

எத்தனை பிள்ளைகளைச் சோதிக்க வேண்டும்? ஐந்து பேரைக் கவனித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்பது இத்துறை அறிஞர் ஜேக்கப் நீல்சனின் கருத்து. ஐந்து பிள்ளைகள் நம் அக்கம்பக்கத்திலேயே உண்டு.

அந்தத் தாளை ஆசிரியரிடம் கொடுங்கள். "ஐவரில் நால்வருக்குப் பொத்தான் தெரியவில்லை" என்று எழுதினால், திருத்துபவருக்கு எதைத் திருத்துவதென்று விளங்கும்.

பெற்றோர்களே, பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன் திரையை ஒருமுறை பாருங்கள்.