பட்டியும் ஆட்சியும்

(செட்டியார்பட்டிப் பொழிவின் எழுத்து வடிவம்)



இவ்வூரின் பெயர் செட்டியார்பட்டி. பட்டி என்னும் சொல்லுக்கு ஊர் என்பது ஒரு பொருள். ஆடும் மாடும் அடைக்கப்படும் இடம் என்பது மற்றொரு பொருள். ஆட்டுப்பட்டி, மாட்டுப்பட்டி என்னும் வழக்குகள் இன்றும் சிற்றூர்களில் உயிரோடு உள்ளன. கால்நடையைக் காத்த இடமும் மாந்தர் கூடி வாழ்ந்த இடமும் ஒரே சொல்லால் குறிக்கப்பட்டன. காவல் இருந்த இடத்திலேயே ஊர் இருந்தது என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டா.

அரசுக்குரிய சொற்களும் இத்தகையனவே. ஆயன் கையில் இருப்பது கோல். ஆள்வோன் கையில் இருப்பது செங்கோல். கோன் என்னும் சொல் அரசனையும் குறிக்கும், ஆயனையும் குறிக்கும். மாடு என்னும் சொல் செல்வம் என்னும் பொருளில் திருக்குறளிலேயே ஆளப்பட்டுள்ளது. சொல்லின் வேரைத் தோண்டி இனத்தின் வரலாற்றை வெளிக்கொணர்ந்த மொழிஞாயிறு பாவாணர் தம் ஆசிரியப் பணியைத் தொடங்கிய முறம்பு இவ்வட்டாரத்திலேயே உள்ளது. அத்தகைய மண்ணில் சொல்லாராய்ச்சி வெறும் ஏட்டுப் பெருமையாக நின்றுவிடுதல் கூடாது. கோலைக் கையில் ஏந்தியவனுக்குக் கோலுக்குரிய ஒழுக்கம் உளதா என்பதே இன்று கேட்கப்பட வேண்டிய கேள்வி.

அவ்வொழுக்கம் யாது? அதனை நூலில் தேட வேண்டா. அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுக்கிடை அமர்த்தியிருக்கும் உழைப்பாளியிடம் கேட்டால் போதும். மாலையில் அவர் ஆடுகளை எண்ணி அடைக்கிறார். காலையில் எண்ணித் திறக்கிறார். கணக்குக் குறைந்தால் உணவு கொள்ளுமுன் தேடப் புறப்படுகிறார். அக்கிடையில் அவருடைய ஆடும் உண்டு. பிறர் நம்பி விட்ட ஆடும் உண்டு. தம் ஆட்டைப் பசும்புல்லிலும் பிறர் ஆட்டைக் கட்டாந்தரையிலும் அவர் மேய்ப்பதில்லை. நொண்டும் ஆட்டின் நடைக்கேற்பத் தம் நடையைத் தளர்த்துகிறார். இளங்குட்டியைத் தோளில் சுமக்கிறார். இரவில் வீட்டில் படுக்காமல் கிடையின் ஓரத்திலேயே படுக்கிறார். நரி வந்து ஓர் ஆட்டைக் கொண்டு போயிற்றென்றால், உடையவர் கேட்கும்வரை காத்திராமல் தாமே சென்று சொல்கிறார். வாரத்துக்கு வளர்ப்பவராயின், ஈன்ற குட்டிகளில் பேசிய பங்கை மட்டுமே எடுத்துக்கொள்கிறார். அதற்குமேல் ஒரு குட்டியை எடுத்தாலும் ஊர் அவரைத் திருடர் என்றே சொல்லும். திறமையாளர் என்று சொல்லாது.

கணக்கு, நடுநிலை, மெலிந்தவர்பால் பரிவு, விழிப்பு, இழப்பை ஒளியாமை, பேசிய கூலிக்குமேல் விரும்பாமை: ஆட்சியறம் என்று அறிஞர் வகுத்தவை யாவும் இவ்வாறனுள் அடங்கும். எழுதப் படிக்கத் தெரியாத உழைப்பாளி நாள்தோறும் கடைப்பிடிக்கும் இவற்றைப் பட்டம் பெற்ற அமைச்சர்களால் கடைப்பிடிக்க இயலாதா?

தமிழிலக்கியம் இவ்வுண்மையை மிகக் கூர்மையாக உணர்த்தியுள்ளது. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைத்தது மாதரி என்னும் ஆயர்குலப் பெண்ணிடம். பொற்கொல்லன் சொன்ன பொய்யை ஆராயாமல் பாண்டியன் ஆணையிட்டான், கோவலன் கொலையுண்டான். பிழை வெளிப்பட்டபோது மன்னன் அரியணையிலேயே உயிர் துறந்தான். இதனை யாவரும் பேசுவர். மாதரியின் முடிவை ஒரு சிலரே நினைப்பர். அவள் மாட்டுக் குற்றம் ஏதும் இல்லை. எனினும், காப்பதாக ஏற்ற அடைக்கலம் தன் காவலில் இருக்கும்போது கெட்டது என்று கருதித் தீப்புகுந்தாள் என வஞ்சிக் காண்டம் கூறுகின்றது. அரசனுக்கும் ஆய்ச்சிக்கும் அறம் ஒன்றே என்று இளங்கோவடிகள் காட்டிவிட்டார்.

இன்று எவரும் உயிர்விட வேண்டா. பொறுப்பை ஏற்றால் போதும். 1956 நவம்பரில் அரியலூரில் நிகழ்ந்த தொடர்வண்டிப் பேரிடரில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வண்டியை ஓட்டியவர் அமைச்சர் அல்லர். ஆயினும், துறை தம்முடையது என்னும் ஒரே கரணியத்தால் இலால்பகதூர் சாத்திரி அமைச்சுப் பொறுப்பினின்று விலகினார். அதன்பின் எத்தனைப் பேரிடர்கள்! எத்தனை அமைச்சர்கள் விலகினர்?

இவ்வட்டாரமும் எடுத்துக்காட்டு இல்லாத வறண்ட நிலம் அன்று. இராசபாளையத்துப் பூ. ச. குமாரசாமி இராசா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் ஆட்சித்தலைமையை ஏற்றிருந்தார். அவர் தாம் வாழ்ந்த இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு ஈந்தார். விருதுநகர்க் காமராசர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தும், சென்னையில் தமக்கென ஒரு வீடு கட்டிக்கொள்ளாமல் வாடகை வீட்டில் வாழ்ந்து 1975இல் மறைந்தார். அவ்விருவரின் அரசியல், இந்தியத் தேசிய அரசியல். தமிழ்த்தேசிய நெறி அதனோடு உடன்படாது. ஆயினும், பேசிய கூலிக்குமேல் அவர்கள் எடுக்கவில்லை என்பதை மறைப்பது அறமாகாது. கொள்கையால் மாறுபட்டாரின் நேர்மையைப் போற்றத் தெரியாதவருக்குத் தம் கட்சியாரின் திருட்டைக் கண்டிக்கவும் தெரியாது.

இனி மறுபக்கத்தையும் காண்க. பீகாரில் இலாலு பிரசாத்து 1990இல் முதலமைச்சரானார். சிறு பருவத்தில் எருமை மேய்த்தவர், ஆயர் குடியினர், ஏழைகளின் பேராளர் என்று போற்றப்பட்டவர். மாடு மேய்க்கும் சிறுவர்க்கெனத் தனிப் பள்ளிகளையும் திறந்தார். அவர் ஆட்சியில், 1996 சனவரியில், சாய்பாசா என்னும் ஊரின் கருவூலக் கணக்கு ஆராயப்பட்டபோது வெளிப்பட்டதே மாட்டுத்தீவன ஊழல். வாங்காத தீவனத்துக்கும், வழங்காத மருந்துக்கும், இல்லாத மாடுகளுக்கும் பொய்ப்பட்டி எழுதிப் பல ஆண்டுகளாகப் பணம் எடுக்கப்பட்டிருந்தது. அத்தொகை ஏறத்தாழ 950 கோடி உருபா. கால்நடை ஏற்றிச் சென்ற சரக்குந்துகள் என்று காட்டப்பட்ட பதிவெண்களுள் சில, இருவர் அமர்ந்து செல்லும் துள்ளுந்துகளுக்கு உரியவை! 1997 சூலையில் அவர் பொறுப்பு விலகித் தம் மனைவியை அவ்விருக்கையில் அமர்த்தினார். 2013இல் இராஞ்சி முறைமன்றம் ஐந்தாண்டுச் சிறைத்தண்டம் விதித்தது. நாடாளுமன்ற இருக்கையும் பறிபோயிற்று. அவருக்கு முன் ஆண்ட உயர்குடி முதலமைச்சர் செகந்நாத்து மிசிராவும் அவ்வழக்கிலேயே தண்டம் பெற்றார்.

இதனினின்று பெறப்படும் பாடம் தமிழர்க்கு மிக இன்றியமையாதது. மேய்ப்பர் குடியில் பிறந்ததால் ஒருவர் மேய்ப்பர் ஆவதில்லை, காப்பதாலேயே ஆகின்றார். உயர்குடியிற் பிறந்ததால் ஒருவர் தூயர் ஆவதும் இல்லை. அவ்வாறே, தமிழ் பேசுவதால் மட்டும் ஒருவர் தமிழர்க்குத் தலைவர் ஆகிவிட மாட்டார். மேடையில் கலப்பில்லாத தமிழில் முழங்கிவிட்டு மறைவில் கைநீட்டுவாரின் தமிழ், ஓநாய் போர்த்த ஆட்டுத்தோல். மொழியில் கலப்பை நீக்கப் பாடுபடும் இயக்கம் பொதுவாழ்வின் கலப்பை நீக்காமல் விடுமாயின், அதன் உழைப்பில் பாதி வீணே.

தமிழ்நாட்டின் நிலையை மறைத்துப் பீகாரை மட்டும் இகழ்தலும் முறையன்று. முதலமைச்சர் செயலலிதாவுக்கு வருவாய்க்கு மீறிச் சொத்துச் சேர்த்த வழக்கில் 2014 செப்டம்பர் 27ஆம் நாள் பெங்களூர்ச் சிறப்பு முறைமன்றம் நான்காண்டுச் சிறையும் 100 கோடி உருபா தண்டமும் விதித்தது. அடுத்த ஆண்டு கருநாடக உயர்முறைமன்றம் விடுவித்தது. 2017 பிப்பிரவரி 14ஆம் நாள் உச்சமுறைமன்றம் அவ்விடுவிப்பை நீக்கியது. அவர் 2016 திசம்பரிலேயே மறைந்துவிட்டமையால் ஏனைய மூவரே சிறை சென்றனர். 1996இல் தொடங்கிய வழக்கு முடிய இருபது ஆண்டுகளுக்கு மேலாயின. காணாமற்போன ஆட்டை அன்றிரவே தேடும் கிடைக்காரர் எங்கே? இருபது ஆண்டு தேடும் அரசு எங்கே?

குற்றம் மேய்ப்போர் மேல் மட்டுமா? உடையவர் மேலும் உண்டு. தேர்தலுக்கு முன்னிரவு உறையில் வரும் பணத்தை வாங்கிக்கொள்ளும் குடிமகன், தன் மந்தையைக் களவாடுவான் என்று தெரிந்தே ஒருவனைக் காவலுக்கு அமர்த்துகிறான். 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர்த் தொகுதிகளிலும், 2017 ஏப்பிரலில் சென்னை இராதாகிருட்டிணன் நகரிலும், 2019இல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதியிலும் பணம் பாய்ந்த கரணியத்தால் தேர்தல் ஆணையமே தேர்தலை நிறுத்த நேர்ந்தது. கொடுத்தவர் ஈகையால் கொடுக்கவில்லை. உறையில் தந்ததைச் சாலையிலும் பாலத்திலும் மருந்திலும் பன்மடங்காகத் திரும்ப எடுப்பார். தன் ஆட்டின் கறியையே ஒரு துண்டு பெற்று மகிழ்பவன் உடையவன் ஆவானா?

உத்தரமேரூர்க் கல்வெட்டு முதற் பராந்தக சோழன் காலத்தது. அது பார்ப்பனர் ஊரவைக்குரியது. எல்லார்க்கும் உரிய குடியாட்சி அன்று. ஆயினும், அதில் ஒரு விதி எக்காலத்துக்கும் ஏற்றது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊர் வகுத்த விதி அது. இன்று கணக்குக் காட்டாத தலைவரின் மகனே அடுத்த தலைவர் ஆகின்றார்; அதற்கு மாலையும் விழுகின்றது.

கணக்குக் கேட்கும் கருவிகள் இன்று குடிமக்கள் கையில் உள்ளன. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ளது. 2018இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு உலோக்காயுக்தாச் சட்டம் உள்ளது. சிற்றூர்களில் ஊரவை கூடுகின்றது. பேரூராட்சியின் வரவு செலவைக் கேட்டறியும் உரிமை செட்டியார்பட்டிக் குடிமகனுக்கும் உண்டு. பள்ளிக் கட்டடம் ஒன்று எழும்பினால் அதன் மதிப்பீடு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று எழுதிக் கேட்க ஒரு தாளும் சிறு தொகையும் போதும். கேட்பவர் ஒருவராயின் மிரட்டுவர். ஊரே கேட்டால் விடை தருவர். எனவே, தெருவுக்கு ஐவர் சேர்ந்து கேட்கப் பழகுதல் வேண்டும். உறையை மறுக்கும் வீடு ஒன்று இருந்தால் அவ்வீட்டைத் தெரு போற்றுதல் வேண்டும். இவ்விரண்டையும் தமிழியக்கத்தார் தம் வீட்டிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

காவலன் காவானாயின் ஆவின் பயனும் குன்றும் என்பது வள்ளுவர் கருத்து. கொடுங்கோன்மை அதிகாரத்தை அவர் அக்கருத்தோடுதான் முடிக்கின்றார். இன்றிரவும் இவ்வட்டாரத்தில் யாரோ ஓர் உழைப்பாளி பட்டியின் வாயிலில் நின்று ஆடுகளை எண்ணுவார். கணக்குச் சரியாக இருந்தால்தான் உறங்குவார். தமிழ்நாட்டை ஆள முன்வருவோர் அவரிடம் சென்று பயிலட்டும். அவர்களை அமர்த்தும் தமிழரும் எண்ணக் கற்றுக்கொள்ளட்டும்!