கிளம்பின உடனே கோளாறு: திரும்பி ஓடாத விமானிகள்

மேலே ஏறின கொஞ்ச நேரத்துல கோளாறுன்னா உடனே இறங்கிடணும்னுதான் நமக்குத் தோணும். விமானிகளுக்குச் சொல்லித்தரும் வரிசை வேற: முதல்ல விமானத்தை நிலையா ஓட்டு, அப்புறம் வழியைப் பாரு, அதுக்கப்புறம்தான் பேச்சு.

2010 நவம்பர் 4. சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய குவாண்டாஸ் ஏ380. சில நிமிஷங்களிலேயே இரண்டாம் எஞ்சின் வெடித்துச் சிதறியது. துண்டுகள் இறக்கையைத் துளைத்தன. உள்ளே 469 பேர். திரையில் எச்சரிக்கை மேல் எச்சரிக்கை.

கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினி பதறித் திரும்பவில்லை. விமானம் சொன்னபடி கேட்டது, எரிபொருளும் இருந்தது. வட்டமடித்தபடியே ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். ஒரு கட்டத்தில் அவர், எது கெட்டுப்போச்சுங்கிறதை விட்டுட்டு, எது இன்னும் வேலை செய்யுதுன்னு பார்க்க ஆரம்பித்தார்.

ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்துத் தரையிறங்கினார்கள். எரிபொருள் கசிவு, கொதிக்கிற பிரேக், நிறுத்த முடியாத முதல் எஞ்சின். அப்பவும் அவசரச் சறுக்குகளைத் திறக்கலை. படிக்கட்டு வண்டி வந்த பிறகே பயணிகளை இறக்கினார்கள். ஒருத்தருக்கும் காயமில்லை.

அணையாத தீன்னா கதையே வேற, உடனே இறங்கியே ஆகணும். அதனாலதான் சொல்றேன்: நமக்கு எவ்வளவு நேரம் இருக்குங்கிறதுதான் முதல் கேள்வி.