வளைவில் சாய்ந்த ரயில்



லண்டனுக்கும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்கும் இடையே ரயில் பாதை சுமார் 640 கிலோமீட்டர். நீராவி எஞ்சின் காலத்தில் போட்டது, வழியெங்கும் வளைவுகள். ஜப்பான் 1964-இல் புல்லட் ரயிலுக்கென்றே புதுப் பாதை போட்டது. பிரிட்டிஷ் ரயில்வேக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. பழைய பாதையிலேயே வேகமாக ஓடும் வண்டியைச் செய்துவிடுவது என்று டெர்பி நகர ஆராய்ச்சிக்கூடத்துப் பொறியாளர்கள் இறங்கினார்கள்.

அப்படிப் பிறந்ததுதான் ஏ.பி.டி. சைக்கிள் ஓட்டுகிறவர் திருப்பத்தில் உள்பக்கம் சாய்வதைப் போல, இதன் பெட்டிகள் வளைவில் 9 டிகிரி வரை சாயும்.

சோதனை வண்டி 1972 ஜூலையில் முதன்முறை வெளியே வந்தது. ஓட்டுநர் அறையில் ஒரே இருக்கை. இன்னொருவர் பிழைப்பு என்னாவது என்று தொழிற்சங்கம் அந்த வண்டியைப் புறக்கணித்தது. ஏறக்குறைய ஓராண்டு வீணானது. ஆனாலும் 1975-இல் அது மணிக்கு 245 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. அடுத்து வந்த மின்சார வண்டி 1979 டிசம்பரில் எட்டிய 261 கிலோமீட்டர், 2003 வரை பிரிட்டனின் சாதனை.

1981 டிசம்பர் 7. கிளாஸ்கோவிலிருந்து முதல் பயணிகள் சேவை. பத்திரிகையாளர்களும் ஏறியிருந்தார்கள். வண்டி நாலேகால் மணி நேரத்தில் லண்டன் சேர்ந்தது. ஆனால் பலருக்குக் குமட்டல்! சாய்வு வளைவின் உந்தலை முழுக்கச் சமன்செய்துவிட்டது. உட்கார்ந்திருந்த உடம்புக்கு வளைவே தெரியவில்லை. கண்ணுக்கோ ஜன்னலில் வயலும் வானமும் மேலேறிக் கீழிறங்கின. இரண்டும் ஒத்துப்போகாமல் தலை சுற்றியது. பின்னாளில் சாய்வைக் கொஞ்சம் குறைத்ததும் இந்தத் தொல்லை தீர்ந்தது.

அதற்குள் பெயர் கெட்டுவிட்டது. அந்த வாரமே கடும் பனி, பிரேக்குகள் உறைந்தன. சில நாட்களிலேயே வண்டியைச் சேவையிலிருந்து எடுத்துவிட்டார்கள். குறைகள் தீராத வண்டியை, அதுவும் நடுக்குளிரில், செய்தியாளர்கள் முன் ஓட்டியது பெரும் அவசரம். பொறியாளர்களின் பல ஆண்டு உழைப்பு ஒரு வாரத் தலைப்புச் செய்தியில் அடிபட்டுப்போனது.

1984-இல் ஆரவாரமில்லாமல் மறுபடி ஓடியபோது வண்டி நன்றாகவே ஓடியது. ஆனால் பணம் போடும் மனம் யாருக்கும் இல்லை. ஓரிரு ஆண்டுகளில் ஓய்வு. பெரும்பாலான பெட்டிகள் உடைக்கப்பட்டன. மிஞ்சிய சில பெட்டிகளை குரூ நகர அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

அதே தடத்தில் இன்று ஓடும் பெண்டோலினோ ரயில்களும் வளைவில் சாய்பவைதான். 1984 டிசம்பர் 12 அன்று ஏ.பி.டி. லண்டனிலிருந்து கிளாஸ்கோவுக்கு 3 மணி 52 நிமிடம் 40 விநாடியில் போயிருந்தது. அதை முறியடிக்க 2021 ஜூனில் ஒரு பெண்டோலினோ எங்கும் நிற்காமல் ஓடிப் பார்த்தது. 21 விநாடி தாமதமாகப் போய்ச் சேர்ந்தது.